கங்காணி கவ்வாத்து வெட்டிய படங்கள்

படத்தை மங்கலாக்கினால் மிச்சம் பிடிக்கலாம் என்று உலகத்திலேயே முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் எங்கள் பெட்டரி கங்காணிதான். இதை யாரிடம் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

போன மாதம் மருமகள் டீவிக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினாள். இனி எந்தப் படத்தையும் நினைத்த நேரத்தில் பார்க்கலாம் என்றாள். நான் சாய்ந்து உட்காரும் முன்பே ஒரு கட்டளையும் வந்தது.

"மாமா, குவாலிட்டிய கொறைச்சு வச்சிருக்கேன். கூட்டிறாதீங்க. கூட்டினா டேட்டா எல்லாத்தையும் ஒரே நாள்ல குடிச்சிரும்."

படம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாகத் தெரிந்தது. இந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே, கரண்டே இல்லாத ஒரு லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், ஒரேயொரு பெட்டரியை வைத்துக்கொண்டு எங்கள் கங்காணி குறைக்காத குறைப்பா?

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தோட்டத்தில் அவர் கவ்வாத்துக் கங்காணியாக இருந்தவர். தேயிலைச் செடி உயர்ந்துவிட்டால் சில வருசத்துக்கு ஒரு தடவை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவார்கள். அப்படி வெட்டினால்தான் புதுக் கொழுந்து வரும். அதுதான் கவ்வாத்து. வாழ்நாள் முழுவதும் "வெட்டு, இன்னும் கீழ வெட்டு" என்று ஆள்களை விரட்டிய மனிதர். வேலையிலிருந்து நின்றபோது சேமலாபக் காசு கைக்கு வந்தது. மற்றவர்கள் அந்தக் காசில் மாடு வாங்குவார்கள், கூரைக்குத் தகரம் வாங்குவார்கள். இவர் தலவாக்கலைக்குப் போய்ச் சின்னதாக ஒரு கறுப்பு வெள்ளை டீவியையும் ஒரு லொறி பெட்டரியையும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார். அதோடு கங்காணி என்ற பெயருக்கு முன்னால் பெட்டரி ஒட்டிக்கொண்டது.

எங்கள் தோட்டம் கொத்மலைப் பக்கம். மேல் மலையில் ஏறி நின்றால் அணைக்கட்டுத் தண்ணீர் தெரியும். அந்தப் பக்கம் பொல்பிட்டியவிலும் தண்ணீரை விட்டுக் கரண்டு எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். எடுத்த கரண்டு பெரிய பெரிய கம்பிகளில் எங்கள் லயத்துக் கூரைக்கு மேலாகவே கொழும்புக்குப் போகும். மழை நாளில் கம்பி ‘ஙொய்’ என்று இரையும். கங்காணி அண்ணாந்து பார்த்து, "போறப்ப ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறியே, அது போதும்" என்பார்.

ஒரு வருசம் மழை பெய்யாமல் அணைகள் வற்றிவிட்டன. கரண்டை மிச்சம் பிடிக்க எல்லோரும் கடிகாரத்தை முன்னால் தள்ளி வையுங்கள் என்று அரசாங்கம் சொன்னது. தோட்டத்தில் சங்கு புது நேரத்துக்கு ஊதினார்கள், நாங்களும் புது நேரத்துக்குப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து வேலைக்கு நின்றோம். கங்காணி மட்டும் மாற்றவில்லை.

"கரண்டு வச்சிருக்கிறவன் மாத்தட்டும். இல்லாதவன் எதுக்கு மாத்தணும்? எங்கிட்ட எதை மிச்சம் புடிக்கப் போறான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் டீவியில் படம் போடுகிறவனும் அரசாங்க நேரத்தைத்தானே பார்க்கிறான். அந்தக் காலத்தில் எந்தப் படத்தின் ஆரம்பத்தையும் நாங்கள் பார்த்ததில்லை. கேட்டால், "ஆரம்பத்துல என்னா இருக்கு, பேரு போடுவான். ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?" என்பார். எனக்குத் தெரியாது. அதனால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பெட்டரி மிச்சமானதில் அவருக்கு உள்ளூர ஒரு சந்தோசம்.

பெட்டரியைச் சார்ஜ் பண்ண டவுனுக்குக் கொண்டுபோவதே ஒரு ஊர்வலம். சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு வருவார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்வார். ஒருநாள் கண்டக்டர் பார்த்துவிட்டு, "சீயா, மேக்க பஸ் எக்கே கெனியன்ன பே" என்றான் சிங்களத்தில். இதைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாதாம். கங்காணி அசையவில்லை. "மகே புத்தா" என்றார். என் மகன் என்று அர்த்தம். சாக்கை விலக்கிப் பார்த்த கண்டக்டர், மகனுக்கும் சேர்த்து டிக்கெட் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

டவுனில் பெட்டரிக் கடை வைத்திருந்தவர் ஒரு நானா. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆள்களை நானா என்றுதான் கூப்பிடுவோம். சார்ஜ் ஏற்றிய பெட்டரியைக் கொடுத்தால் கங்காணி அதன் வயிற்றில் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார்.

"நானா, இது அரை வயிறுதான் சாப்புட்டிருக்கு."

"ராவு முழுக்க ஏத்தி ஈக்கிறேன் கங்காணி. புல் சார்ஜ் ஈக்கி."

"தொட்டா தெரியுது நானா."

"அப்பிடின்னா எங்கட மீட்டர நான் வித்துப் போடுறேன். நாளைலருந்து நீங்க வந்து இங்க குந்துங்க, வாற பெட்டரி எல்லாத்தையும் தொட்டுப் பாருங்க."

திட்டிக்கொண்டே நானா இன்னும் கொஞ்ச நேரம் கம்பியை மாட்டி விடுவார். அந்த நேரத்துக்கு ஒரு பிளேன்டீயும் வரும். ஒவ்வொரு தடவையும் இதேதான். அந்தக் கொஞ்ச நேரத்தில் பெட்டரிக்குள் ஏதாவது ஏறியதா என்பது நானாவுக்குத்தான் வெளிச்சம்.

இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த கரண்டை அவர் செலவழிக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். டீவி பார்க்கிறவர்கள் டீவிக்கு முன்னால் உட்காருவார்கள். கங்காணி பக்கத்தில் உட்காருவார், வெளிச்சம் கூட்டுகிற திருகின் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு. படம் அவருக்குத் தெரியாது. எங்கள் முகம்தான் தெரியும். நாங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் சரியான அளவு. நன்றாகக் கண்ணை விரித்துவிட்டால் வெளிச்சம் கூடிப்போச்சு என்று அர்த்தம், உடனே ஒரு திருகு.

பாட்டு வந்தால் படத்தை முழுதாக அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வைப்பார். பாட்டு காதுக்குத்தானாம். சண்டை வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார். "அடிக்கிறது கண்ணுக்குத் தெரியுதுல்ல, பொறகு என்னா டமார் டுமீரு?" கதாநாயகி மழையில் நனைந்தால் இரண்டையும் குறைத்துவிடுவார். "மழை பாக்கணும்னா கதவத் தொறந்து வெளிய பாருங்க. நம்மூர்ல இல்லாத மழையா?" விளம்பரத்துக்கு முழுதாக நிறுத்திவிட்டு, மனசுக்குள் கணக்குப் போட்டுத் திரும்பப் போடுவார். போடும்போது யாராவது செத்துக் கிடப்பார்கள். யார் கொன்றது என்று லயத்தில் மறுநாள் முழுவதும் பேச்சு ஓடும்.

இதற்கெல்லாம் அவர் சொன்ன காரணம் ஒன்றுதான். "படத்தையும் கவ்வாத்து வெட்டணும்டா தம்பி. வெட்டாம உட்டா கடைசி வரைக்கும் வராது."

உண்மைதான். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு டீவி இருந்தது. அங்கே ஜெகஜோதியாகப் போட்டு, பாதிப் படத்தில் பெட்டரி செத்து, சனங்கள் ஏசிக்கொண்டே கலைந்து போவார்கள். எங்கள் லயத்தில் எந்தப் படமும் முடியாமல் நின்றதில்லை. என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் முடிந்தது என்று தெரியும். அவருக்கு அதில் பெரிய பெருமை.

எங்கள் லயத்தில் நாலாம் காம்பிரா வீட்டில் இருந்த ராமாயி ஒருநாள் டவுனில் ஒரு கடையில் கலர் டீவியில் ஒரு நடிகரைப் பார்த்துவிட்டு வந்து, "புதுசா ஒருத்தன் நடிக்கிறான், நல்ல மூஞ்சி" என்றாள். விசாரித்துப் பார்த்தால், அந்த ஆளைத்தான் அவள் கங்காணி வீட்டில் வருசக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாஸ்டர் வந்திருந்தார். செய்தி பார்க்க வருவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"கங்காணியார், செய்தி வாசிக்கிற பிள்ளையின்ர முகம் ஒண்டுமே தெரியேல்லை. ஒருக்கா வெளிச்சத்தைக் கூட்டுங்கோவன்."

"செய்தி காதுக்குத்தான மாஸ்டர்? மூஞ்சியப் பாத்து என்னா பண்ணப் போறீங்க? பொண்ணு கேக்கப் போறீங்களா?"

மாஸ்டருக்குக் கல்யாணம் ஆகாத வயசு. காது சிவந்து போனார். அதற்குப் பிறகு ரேடியோவில் கேட்டுக்கொண்டார்.

கங்காணியின் பெண்சாதி பேச்சியம்மா அக்கா டீவி பார்த்து நான் கண்டதில்லை. கூட்டம் முன் அறையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அவர் பின்னால் அடுப்புக்கிட்டே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். "வாங்கக்கா, பாருங்க" என்றால், "அந்த இருட்டத்தான் நான் இங்கயே பாக்குறேனே" என்பார். அவ்வளவுதான் பேச்சு.

அவர்களுக்குப் பிள்ளை ஒன்றே ஒன்று, சரசு. கல்யாணம் முடித்த கொஞ்ச நாளில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தியாவுக்குப் போகச் சொல்லிப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அப்படித்தான் மலையகத்துச் சனங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து அனுப்பினார்கள். சரசு தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போய்க் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தாள். கங்காணிக்கும் அக்காவுக்கும் இந்தியக் குடியுரிமைப் பத்திரமும் வரவில்லை, இலங்கைப் பத்திரமும் வரவில்லை. எந்த நாட்டு ஆள் என்று தெரியாதவனுக்கு யார் பாஸ்போர்ட் கொடுப்பது? பிறகு கப்பலும் நின்றுபோனது. இருபது வருசத்துக்கு மேல் பிள்ளையைப் பார்க்கவில்லை. கடிதம் வரும். போட்டோ கேட்டால், அடுத்த தடவை அனுப்புகிறேன் என்று கடிதத்தில் இருக்கும்.

இப்படி இருக்கும்போது சரசுவின் மகளுக்குக் கூடலூரில் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தை வீடியோ எடுத்து, ஊருக்கு வந்த ஒரு சொந்தக்காரரிடம் கேசட்டைக் கொடுத்து விட்டிருந்தாள். அவர் சனிக்கிழமை வந்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா குடும்பம் வலப்பனையில் இருக்கிறது, அவர்களும் காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேசட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன் என்றார். அங்கிருந்து அது எந்தெந்த வீட்டுக்குச் சுற்றுமோ. ஒரு பகல்தான் நமக்கு.

அவர் வந்து இறங்கிய அதே பஸ்ஸில் கங்காணியும் நானும் டவுனுக்கு ஓடினோம். பெட்டரியில் ஓடுகிற வீடியோ டெக் ஒன்று நானாவிடம் வாடகைக்கு இருந்தது. அதைக் கொடுக்கும்போதே நானா சொன்னார்.

"கங்காணி, டீவியும் டெக்கும் ஒரே பெட்டரில ஓடினா கலியாணம் முடியாது. பொண்ணு மணவறைக்கு வாறதுக்குள்ள நின்டுரும். இன்னொரு பெட்டரி தாறேன், எடுத்துட்டுப் போங்க. வாடகையும் வேணாம்."

"வேணாம் நானா. எங்கிட்ட எதுவும் பாதில நின்னதில்ல."

"இது படம் இல்ல கங்காணி. ஒங்கட பேத்திட கலியாணம்."

"அதனாலதான் சொல்றேன். தாலி கட்டுற வரைக்கும் நான் கொண்டு போய்ச் சேப்பேன்."

நானா என்னைப் பார்த்தார். நான் டெக்கைத் தூக்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

ஞாயிறு மத்தியானம் லயமே வந்துவிட்டது. வெளியே நல்ல வெயில். வெளிச்சம் உள்ளே வந்தால் படத்துக்கு வெளிச்சம் கூட்ட வேண்டி வரும் என்று கங்காணி ஜன்னலில் கம்பளியைத் தொங்க விட்டு, கதவிடுக்கில் சாக்கை அடைத்துவிட்டார். எங்கள் குளிர் ஊரில் எல்லோருக்கும் வியர்த்து வழிந்தது. டெக்கை இயக்குவது என் வேலை. எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, முக்கோணம் போட்டதை அமுக்கினால் ஓடும், இரண்டு கோடு போட்டதை அமுக்கினால் நிற்கும். தேயிலைத் தொழிற்சாலையில் இதைவிடப் பெரிய மெசினோடெல்லாம் கிடந்தவன் நான்.

பேச்சியம்மா அக்கா அன்றைக்குத்தான் அடுப்படியிலிருந்து வந்தார். குளித்து, நல்ல சீலை கட்டி, பொட்டு வைத்து, டீவிக்கு ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்தார். அந்தப் பக்கம் இருந்து யாரோ பார்க்கப் போகிற மாதிரி.

கேசட் ஓடியது. கோபுரம் வந்தது, ரோசாப்பூ சுற்றியது, பிள்ளையார் பெரிசாகிச் சிறிசானார். கங்காணி விரலை வைத்தார், எல்லாம் மங்கியது. பிறகு பந்தல். பந்தலில் சனங்கள் மொய்த்துக்கொண்டு நிழல் நிழலாகப் போனார்கள்.

"சரசு எங்கங்க?" என்றார் அக்கா.

"வருவா, வருவா. பொறு."

"இதா? இந்தா ஓரமா நிக்குறாளே?"

"அது சமையக்காரன்."

கூட்டத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அந்தா பூ வச்சவ", "இல்லல்ல, கொடம் தூக்குறவ", "சரசு நெட்டையா குட்டையா, யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?" என்று ஆளுக்கொரு சரசுவைப் பிடித்துக்கொடுத்தார்கள். ராமாயி ஒரு தூணைக் காட்டினாள். பந்தியில் சாப்பிடுகிறவர்கள் வந்ததும் கங்காணி இன்னும் ஒரு திருகு குறைத்தார். "சாப்புடுறவன் வாய நமக்கு என்னாத்துக்கு."

அக்கா கையைத் தரையில் ஊன்றி எழுந்தார். அவர் குரல் உயர்ந்து அந்த லயத்தில் யாரும் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை.

"வெளிச்சத்தக் கூட்டுங்க."

"கூட்டினா தாலி கட்டு வரைக்கும் வராது புள்ள. இன்னும் எம்புட்டோ இருக்கு."

"தாலி கட்டினது கட்டினதுதான? நாம பாக்காட்டி அவுந்தா போயிரும்? எனக்கு எம்புள்ள மூஞ்சியக் காட்டுங்க."

கங்காணி எங்கள் முகங்களைப் பார்த்தார், வழக்கமாகப் பார்க்கிற மாதிரி. பிறகு அக்கா முகத்தைப் பார்த்தார். அப்புறம் திருகினார். அந்தத் திருகு அவ்வளவு தூரம் போனதே இல்லை போலிருக்கிறது, கரகரவென்று தூசி அரைபட்டது. அறையே வெளுத்துப் போனது. பக்கத்தில் இருந்தவர்களின் மூக்கு முழியெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது.

பந்தல் வாசலில் ஒரு பொம்பிளை பன்னீர்ச் செம்போடு நின்றாள். உடம்பு போட்டு, காதோரம் வெள்ளையாக, வருகிறவர்களுக்கெல்லாம் தெளித்துக்கொண்டு. தெளித்துவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து நேரே பார்த்தாள்.

"இவளா?" என்றார் அக்கா. "இவ எங்க ஆத்தா மாதிரி இருக்காளே." கொஞ்ச நேரம் கழித்து, "எம்புள்ளைக்கு நரைச்சிருச்சுங்க" என்றார்.

"நிப்பாட்டு" என்றார் கங்காணி என்னிடம்.

இரண்டு கோட்டை அமுக்கினேன். சரசுவின் முகம் கோடு கோடாக நடுங்கிக்கொண்டு நின்றது. அந்த டெக்குக்கு ஒரு குணம், கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் தானாகவே ஓடத் தொடங்கிவிடும். ஓடி, சரசு போய், மேளக்காரன் வந்துவிட்டான்.

"திருப்பிக் கொண்டா."

பின்னால் சுற்றி ஓட விட்டேன். சரசு வந்து பன்னீர் தெளித்தாள், நிமிர்ந்தாள், நிறுத்தினேன். நடுங்கினாள். ஓடிப் போனாள். மறுபடியும் கூட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்குச் சரசு அந்தச் சனத்துக்கு எத்தனை தடவை பன்னீர் தெளித்தாள் என்று சொல்ல முடியாது. பொண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்க வந்த கூட்டம், ஒருத்தர்கூட முன்னால் ஓட்டச் சொல்லவில்லை. கங்காணி திருகிலிருந்து கையை எடுத்துவிட்டு, நகர்ந்து வந்து அக்காவுக்குப் பக்கத்தில் டீவிக்கு முன்னால் உட்கார்ந்தார். அங்கே அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். அக்கா ஒரு தடவை, "மூக்குத்தி மாத்திட்டா" என்றார். அவர் "ம்" என்றார்.

பெட்டரி இறங்கினால் அந்த டீவியில் படம் நாலு பக்கமும் சுருங்கும். சுருங்கியது. சரசு தீப்பெட்டி அளவுக்கு வந்தாள். பிறகு இல்லை. டெக்கும் ஒரு முனகலோடு நின்றது. தாலியை யாரும் பார்க்கவில்லை. எங்கள் லயத்தில் முடியாமல் நின்ற படம் அது ஒன்றுதான்.

யாரோ கம்பளியை இழுத்தார்கள். வெயில் வந்து விழுந்தது. கண் கூசிச் சனங்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ராமாயி மட்டும் வாசலில் நின்று, "பொண்ணு யாரு மாதிரி?" என்று கேட்டுப் பார்த்தாள். அக்காவுக்கு அது காதில் விழவில்லை. நான் டெக்கைச் சாக்கில் சுற்றினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கங்காணி அப்படியே தரையில் இருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் கங்காணி."

"மூக்குத்திக் கல்லு கூடத் தெரிஞ்சிச்சு."

"ஆமா."

அந்தப் பெட்டியைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வாங்கி வந்து இத்தனை வருசத்தில் அதில் எவ்வளவு தெளிவாகப் படம் தெரியும் என்று அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

"நல்ல டீவிடா" என்றார்.

"நல்ல டீவி, கங்காணி" என்றேன். பிறகு பஸ் போனால் போகட்டும் என்று நானும் அவருக்குப் பக்கத்தில், இருண்டு கிடந்த அந்தப் பெட்டிக்கு முன்னால், கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டேன்.